கீழே போகச் சொன்னால் எங்கே போவது? முகத்தாடை அறுவை நிபுணரைத் தேடும் நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். நான் டாக்டர் இல்லை. டோக்கன் கொடுப்பது, எக்ஸ்ரே உறையில் பெயர் எழுதுவது, தொலைபேசியை எடுப்பது, அழுகிற குழந்தைக்கு ஜன்னல் வழியே எதையாவது வேடிக்கை காட்டுவது, இவைதான் என் வேலை. உள்ளே டாக்டர் இரண்டே நிமிடத்தில் "கீழே போய் முகத்தாடை சர்ஜனிடம் காட்டிவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தச் சீட்டோடு வெளியே வந்து நிற்பவர்களின் கேள்விகள் என்னிடம்தான் வரும். கீழே என்றால் எங்கே? யாரிடம்? எத்தனை நாள்? அவற்றையே இங்கே எழுதுகிறேன். மருத்துவ விஷயங்கள் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. சாலை, பஸ், ராத்திரி பற்றிய விஷயங்கள் என் சொந்த அனுபவம்.

முகத்தாடை அறுவை நிபுணர் என்பவர் யார்? அவரும் பல் டாக்டர்தானே?

பல் டாக்டராகத் தொடங்கியவர்தான். பி.டி.எஸ். படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்து ஆண்டு. அதன்பின் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டையும் வாய், தாடை, முக எலும்பு அறுவை சிகிச்சையிலேயே கழித்தவர் இவர். எலும்புக்குள் புதைந்த பல், உடைந்த தாடை, கன்ன எலும்பு முறிவு, தாடைக்குள் வளரும் கட்டி, நீர்க்கட்டி, கழுத்துவரை இறங்கும் பல் சீழ், பிளவுபட்ட உதடு, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாத முக அமைப்பு ஆகியவை இவருடைய வேலை. காது மூக்குத் தொண்டை நிபுணரும் பிளாஸ்டிக் சர்ஜனும் இதில் சிலவற்றைச் செய்வார்கள். ஆனால் பற்கள் பழையபடி ஒன்றோடொன்று கடிக்க வேண்டும் என்று வரும்போது இவர் கை அவசியம். எலும்பை நேராக வைத்துவிட்டுப் பல் பொருந்தாமல் போனால், அந்த மனிதர் ஆயுள் முழுக்க ஒரு பக்கமாக மெல்லுவார்.

எனக்கு உண்மையிலேயே அவர் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. சொத்தைப் பல், வேர் சிகிச்சை, ஆடுகிற பல், ஈறில் ரத்தம் எல்லாவற்றுக்கும் உங்கள் ஊர்ப் பல் டாக்டர் போதும். நேராக முகத்தாடை சர்ஜனையே பார்த்துவிடுகிறேன் என்று மேட்டுப்பாளையம் இறங்கிப் போய், அங்கே ஒரு சாதாரணக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பல்லைக் கோத்தகிரியிலேயே அரை மணி நேரத்தில் எடுத்திருப்பார்கள். முதலில் ஊர் டாக்டர், அவர் எழுதிக் கொடுத்தால் நிபுணர். அந்தச் சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: கீழே உள்ளவர் உங்களை முதலிலிருந்து கிளறிக்கொண்டிருக்க மாட்டார்.

பலகையில் எம்.டி.எஸ். என்று போட்டிருக்கிறது. போதாதா?

போதாது. எம்.டி.எஸ். என்பது ஒரே படிப்பு இல்லை. பல் வரிசையைக் கம்பி போட்டுச் சீராக்குபவரும் எம்.டி.எஸ்.தான், ஈறு நிபுணரும் எம்.டி.எஸ்.தான், குழந்தைப் பல் நிபுணரும் எம்.டி.எஸ்.தான். ஒன்பது பிரிவுகள் இருக்கின்றன. எனவே "எந்தப் பிரிவில் எம்.டி.எஸ்.?" என்று வரவேற்பு மேசையிலேயே கேட்டுவிடுங்கள். வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சை என்ற பதில் வர வேண்டும். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். பதினோரு ஆண்டில் அந்தக் கேள்விக்கு முகம் சுளித்த நல்ல டாக்டர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

பதிவு எண்ணும் பாருங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் பல் மருத்துவர்களுக்கான பதிவேடு உண்டு. நமக்குத் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றம். பலகையிலோ மருந்துச் சீட்டிலோ அந்த எண் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள்.

வாரம் ஒரு நாள் கோவையிலிருந்து பெரிய டாக்டர் மேலே வருகிறார். அவரிடமே செய்துகொள்ளலாமா?

எனக்கு அதிகமாக வந்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மலையில் உள்ள பல மருத்துவமனைகளில் நடைமுறை இதுதான். நிபுணர் குறிப்பிட்ட கிழமையில் வருவார், ஐந்தாறு பேருக்குச் செய்வார், மாலையில் இறங்கிவிடுவார். இதில் தவறு ஒன்றும் இல்லை. நோயாளி மலையிறங்கிப் போவதைவிட டாக்டர் ஏறி வருவது எத்தனையோ மேல். வயதானவர்களுக்கு அது வரம்.

ஆனால் வீக்கமும் வலியும் டாக்டருடைய கிழமையைப் பார்த்து வருவதில்லை. அறுவை செய்த பிறகு வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டு கரைந்து எலும்பு தெரிய ஆரம்பித்தால் வருகிற வலியும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் வரும், காது வரைக்கும் இழுக்கும். வியாழக்கிழமை டாக்டர் வந்து போனால் உங்கள் சோதனை சனி ராத்திரி.

என் மாமனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர், மருத்துவமனை எதுவும் வேண்டாம். கீழ்க் கடைசிக் கடைவாய்ப்பல்லை வெளியூர் நிபுணர் ஒருவர் அழகாக எடுத்துவிட்டுப் போனார். ராத்திரி பதினோரு மணிக்குத் தலையணை முழுக்க ரத்தம். சீட்டில் இருந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருத்துவமனைக் கதவு பூட்டியிருந்தது. நானே ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், எனக்கே அன்று கை நடுங்கியது. கடைசியில் சுத்தமான துணியைச் சுருட்டி, குழியின் மேல் வைத்து, ஒரு மணி நேரம் விடாமல் கடித்துக்கொண்டிருக்கச் செய்தோம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருந்ததால்தான் நின்றது. அறுவை செய்தவர் கெட்டிக்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ராத்திரிக்கு யார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எனவே நாள் குறிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். அவர் போன பிறகு என்னைப் பார்க்கப்போவது யார், அவர் இதே ஊரில் இருக்கிறாரா? ராத்திரி எந்த எண்ணில் கூப்பிட வேண்டும், எடுப்பது யார்? தையல் பிரிப்பது எந்த நாள், யார் பிரிப்பார்? தெளிவான பதில் வந்தால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் பதில் வந்தால் நான் என்றால் வேறு இடம் பார்ப்பேன்.

கீழே என்றால் சரியாக எங்கே?

நீங்கள் மலையில் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கத்துக்காரர்களுக்குக் கீழே என்றால் கோவை. ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 86 கிலோமீட்டர். கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீ ராமகிருஷ்ணா பல் மருத்துவக் கல்லூரி நகரத்திலேயே இருக்கிறது. சூலூர் பக்கம் ஆர்.வி.எஸ். பல் மருத்துவக் கல்லூரி. பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கணக்கே வேறு. கூடலூரிலிருந்து ஊட்டி ஏறுவதற்கே ஐம்பது கிலோமீட்டர், பிறகு மறுபக்கம் இறங்க வேண்டும். அதைவிட நாடுகாணி வழியாக நிலம்பூர், பெருந்தல்மண்ணா இறங்குவது, அல்லது கோழிக்கோடு போவது எளிது. கோழிக்கோட்டில் மருத்துவக் கல்லூரியோடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மைசூரை நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். ராத்திரி ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் உதவாது.

சாலையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் குன்னூர் வழி அடைபடும், கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். ஆடி மழை கூடலூர், குந்தா பக்கத்தைப் பதம் பார்க்கும். 2019 ஆகஸ்டு 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். மே மாதத்தில் சீசன் கூட்டம். ஏறுவதற்குக் குன்னூர், இறங்குவதற்குக் கோத்தகிரி என்று சாலைகளை ஒருவழியாக மாற்றுவதுண்டு. அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் ஜனவரி, பிப்ரவரி எனக்குப் பிடித்த மாதங்கள். மழையும் இல்லை, சுற்றுலாப் பயணிகளும் இல்லை.

அரசு மருத்துவமனையில் முடியாதா?

பல வேலைகள் முடியும். ஊட்டியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குன்னூரில் லாலி மருத்துவமனை இருக்கிறது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் பல் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டுங்கள். அங்கே முடியாததைக் கோவை அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து எழுதித் தருவார்கள். அந்தப் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் கோவைக்குப் போனால் முதல் நாள் வரிசையிலேயே போய்விடும். காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன் பஸ் ஏற வேண்டும். முடிந்தால் முந்தின நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்குங்கள்.

காப்பீட்டு அட்டை செல்லுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். தாடை எலும்பு முறிவு, புற்றுநோய் போன்றவற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பல் பிடுங்குவதற்கும் பல் கட்டுவதற்கும் அட்டையை நீட்டிப் பயனில்லை. அறுவைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், முடிந்தபின் பில்லைக் கொண்டுபோனால் நடக்காது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். கேரளப் பக்கம் இறங்குகிறவர்கள் அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பைக்கில் விழுந்து தாடை உடைந்துவிட்டது. உடனே தாடை நிபுணரிடம் ஓட வேண்டுமா?

இல்லை. முதலில் தலை, கழுத்து, மூச்சு. 108ஐக் கூப்பிட்டு அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தலையில் உள்காயம் இல்லை என்று ஸ்கேன் சொன்ன பிறகுதான் தாடை. உடைந்த தாடை சில நாட்கள் காத்திருக்கும், மூளைக்குள் கசியும் ரத்தம் காத்திருக்காது. வாயில் ரத்தம் ஊறிக்கொண்டிருப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். நினைவோடு இருந்தால் முன்பக்கம் குனிந்து உட்காரட்டும். நினைவில்லாவிட்டால் கழுத்து திரும்பாதபடி உடம்போடு சேர்த்து ஒருக்களித்து வையுங்கள்.

தாடை உடைந்திருக்கிறதா என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. பற்கள் முன்போலச் சேர்ந்து கடிக்காது. கீழுதடு மரத்துப்போயிருக்கும். நாக்கின் அடியில் ரத்தம் கட்டி நீலமாகத் தெரியும். கன்ன எலும்பு என்றால் கண்ணுக்குக் கீழே மரத்துப்போகும், பார்ப்பது இரண்டாகத் தெரியலாம். அப்படி இருந்தால் மூக்கைச் சிந்தாதீர்கள்.

சாலை விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. வரம்பு முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள்.

கரடி அடித்த முகக் காயத்துக்கும் இவர்தானா?

ஆம், இறுதியில் இவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ, பல நேரம் இருவரும் சேர்ந்தோ. வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கலாம், தேயிலைத் தோட்டத்துக்கு விடியற்காலையில் நடப்பவர்களுக்கு இல்லை. கரடி எழுந்து நின்று தாக்கும்போது தலையும் முகமும்தான் சிக்குகின்றன. கிழிந்து தொங்கும் தோலை வெட்டி எறிய விடாதீர்கள், ஈரத் துணியால் மூடி அப்படியே கொண்டுபோங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் அவசியம். நாய் கடித்தால்தான் அந்த ஊசி என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வனத்துறைக்கு அன்றே தகவல் சொல்லிவிடுங்கள். இழப்பீடு கேட்கும்போது மருத்துவமனைப் பதிவு தேவைப்படும்.

பல் முழுதாகக் கழன்று கையில் வந்துவிட்டது.

இதற்கு நிபுணர் வேண்டாம், வேகம்தான் வேண்டும். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் லேசாகத் தண்ணீர் காட்டி, வந்த குழியிலேயே செருகிவிட முடிந்தால் செருகுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பல் டாக்டரிடம் சேருங்கள். நம் மலையில் எந்த டீக்கடையிலும் பால் கிடைக்கும், அந்த மட்டும் அதிர்ஷ்டம். குழந்தையின் பால்பல் என்றால் திரும்பச் செருகக் கூடாது.

கன்னம் வீங்கியிருக்கிறது. திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா?

சின்ன வீக்கம், சாப்பிட முடிகிறது, காய்ச்சல் இல்லை என்றால் உங்கள் பல் டாக்டரைத் தொலைபேசியில் கேட்டு அடுத்த நாள் போகலாம். ஆனால் வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்குகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, வாய் திறக்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே கிளம்புங்கள். கிளினிக்குக்கு இல்லை, படுக்கையும் ஆக்சிஜனும் உள்ள மருத்துவமனைக்கு. சொத்தைப் பல் சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை அடைப்பது இப்படித்தான்.

இன்னொன்று, பாட்டிமார்கள் மன்னிக்க வேண்டும்: உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் எதுவும் வெளிக் கன்னத்தில் வைக்காதீர்கள். சூடு சீழைத் தோல் பக்கம் இழுக்கும், பிறகு கன்னத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு வரும். குளிரில் சூடு இதமாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாய்க்குள் வைத்துக் கொப்பளிக்கலாம்.

ஞானப்பல்லை எடுத்தே ஆக வேண்டுமா?

தொந்தரவு தராத, சுத்தம் செய்ய முடிகிற, நேராக முளைத்த ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை. சாய்ந்து தனக்கு முன்னால் உள்ள பல்லை முட்டுகிறது, திரும்பத் திரும்ப ஈறு வீங்குகிறது, பக்கத்துப் பல் சொத்தையாகிறது என்றால் எடுக்கத்தான் வேண்டும். இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே பார்க்காமல் கீழ் ஞானப்பல்லில் கை வைக்க விடாதீர்கள். கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு அந்த வேர்களுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வேர் நரம்பைத் தொடுவதுபோலத் தெரிந்தால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் கேட்பார்கள். அது வீண் செலவு இல்லை. உதடு மரத்துப்போக வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எடுத்தபின் முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம். டிசம்பரில் ஊட்டியில் ஒருவரிடம் கன்னத்தில் ஐஸ் வைக்கச் சொன்னால் அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே! ஆனாலும் வைத்தால் வீக்கம் குறையும். துப்பாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பீடி சிகரெட் தொடாதீர்கள். சூடான டீயும் முதல் நாள் கிடையாது. நம் ஆட்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

தாடையைக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். பஸ்ஸில் மலையேறலாமா?

இந்தக் கேள்வியை ஒருவர் புறப்பட்டு வந்து சேர்ந்த பிறகு கேட்டார். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இப்போது பல முறிவுகளுக்கு டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துவிடுவதால் வாயை மூடிக் கட்டுவது குறைந்திருக்கிறது. ஆனாலும் சிலருக்கு மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துச் சில வாரங்கள் கட்டிவைப்பார்கள். அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வந்தால்? வாந்தி வெளியேற வழியில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். மேட்டுப்பாளையம் குன்னூர்ப் பாதையில் சும்மா இருப்பவருக்கே குமட்டும்.

எனவே அறுவை முடிந்த அன்றே ஏறாதீர்கள். மயக்க மருந்தின் குமட்டல் அடங்கும் வரை கீழேயே தங்குங்கள். கம்பி என்றால் கம்பி வெட்டும் கட்டர், எலாஸ்டிக் என்றால் சிறிய கத்தரிக்கோல், எப்போதும் பையில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று டாக்டர் காட்டித் தர வேண்டும், அதைக் கூட வருகிறவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் முன் இருக்கை, வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். வாந்தி வரும்போலிருந்தால் தலையை முன்னே குனிந்து பக்கவாட்டில் திருப்ப வேண்டும். வாந்தி தடுக்கும் மாத்திரையை வீடு திரும்பும் நாளுக்கென்று கேட்டு வாங்குங்கள், நசுக்கிக் கரைத்துக் குடிக்கலாமா என்றும் கேளுங்கள். வீட்டில் ராகிக் கஞ்சி, வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர். வாரக்கணக்கில் இதேதான். எடை குறையும், பயப்பட வேண்டாம்.

வாயில் ஒரு புண், வலியே இல்லை. அதற்கும் அறுவை நிபுணரா?

வலி இல்லாததுதான் கவலை. இரண்டு வாரத்தில் ஆறாத புண், அழிக்க வராத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் வாய் முழுக்க எரிச்சல், நாளுக்கு நாள் சுருங்கும் வாய்த் திறப்பு ஆகியவற்றைக் காட்டியே ஆக வேண்டும். உங்கள் விரல்கள் மூன்றை நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், அதோடு பாக்குப் பழக்கமும் இருந்தால், கன்னத்தின் உள்தோல் இறுகிக்கொண்டிருக்கலாம். அதற்குக் காரணம் பாக்கு. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மென்றாலும் வரும். குளிருக்கும் பசிக்கும் வேலை அலுப்புக்கும் வாயில் ஒன்றை அடக்கிக்கொள்ளும் பழக்கம் தோட்டங்களில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. சிறிய துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனை செய்தால்தான் என்னவென்று தெரியும். துண்டு எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்பது வெறும் பயம், அந்தப் பயத்தில் ஆறு மாதம் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைக்கு உதடு பிளவு. எப்போது செய்வார்கள்?

உதட்டைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், அண்ணத்தை ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள். எடையும் ரத்த அளவும் போதுமானதாக இருக்க வேண்டும், ஆகவே முதல் வேலை பால் புகட்டக் கற்றுக்கொள்வது. பிறந்த வாரத்திலேயே அரசு மருத்துவமனையில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பிளவு உதட்டு அறுவைக்கு உதவும் ஸ்மைல் டிரெயின் அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளில் அறுவை இலவசம். கிரகணத்தில் தாய் வெளியே வந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால், அந்தப் பெண்ணை அழ வைக்காமல் அவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

வாய் திறக்கும்போது காதுப் பக்கம் 'டக்' என்கிறது.

வலி இல்லை, வாய் மாட்டிக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடலாம். கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால் அது மூட்டு விலகல், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலேயே கையால் தள்ளி உட்காரவைப்பார்கள். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

நான் தினமும் சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்ல வேண்டுமா?

எல்லாவற்றையும். அட்டையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். எலும்புத் தேய்மானத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் அதை மாத்திரை இல்லை என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஊசிக்குப் பிறகு பல் எடுத்தால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாது. கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்ரேக்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

எடுத்தெறியாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு முன் எடுத்த படத்தில் அந்தக் கட்டி இருந்ததா, எவ்வளவு பெரிது என்று பார்த்தாலே நிபுணருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் நம் ஈரத்தில் படச்சுருள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் சாய்க்காமல் வையுங்கள். என் மாமனாருடையது ரேஷன் அட்டையும் வீட்டு வரி ரசீதும் இருக்கிற தகரப் பெட்டியில் இருக்கிறது. அந்த ராத்திரி எடுக்காத தொலைபேசி எண்ணும் உறையின் மேல் என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.